கைப்பிடி முதல் ‘செல்ஃப்’ வரை: நெகிரி செம்பிலான் தோட்டங்களில் மோட்டார் வண்டி

மலாயாத் தோட்டங்களின் வரலாற்றை ஆராய்ந்தோர் ரப்பரின் விலையையும் கம்பெனிகளின் இலாபத்தையும் தொழிலாளரின் குடியேற்றத்தையும் கூலி விகிதத்தையும் விரிவாக எழுதியுள்ளனர். அத்தோட்டங்களில் ஓடிய வண்டிகளைப் பற்றியும், அவை ஓடாமல் நின்றபோது ஓட வைத்தவர்களைப் பற்றியும் எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும் தோட்ட வாழ்வில் வண்டி புறப்படுவதும் புறப்படாமற் போவதும் சிறிய செய்திகள் அல்ல. பால் லோரி உரிய நேரத்திற் புறப்படாவிடின், காலை முழுதும் வெட்டிச் சேர்த்த பால் கலத்திலேயே கட்டியாகித் தரம் குறைந்துவிடும். நள்ளிரவில் வலி கண்ட பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய வண்டி புறப்படாவிடின், இரண்டு உயிர்கள் ஊசலாடும்.

வண்டி ஏன் புறப்படவில்லை என்று கண்டறிதல் ஓர் அறிவுத் துறை. அதற்கென ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் தோட்டத் தமிழர்க்கும் பங்கு உண்டு. அதனை ஈண்டு ஒருவாறு நோக்குதல் தகும்.

ரப்பரும் மோட்டாரும்

ரப்பர்த் தோட்டமும் மோட்டார் வண்டியும் உடன்பிறந்தவை போல வளர்ந்தவை. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த ரப்பர் விதைகள் இலண்டனை அடுத்த கியூ பூங்காவில் முளைத்தன. அடுத்த ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைமையை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டார். அதே 1888ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். ஒருவர் கண்டது மற்றவர் கண்டதற்குத் துணையாயிற்று.

நெகிரி செம்பிலானில் அக்காலத்துப் பெரும் பயிர் காப்பியாகும். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைமுகத்திற்கு 1891இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அண்டையிலுள்ள மலாக்காவில் டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அவர் வழியே மற்றத் தோட்டக்காரரும் காப்பியைக் கைவிட்டு ரப்பருக்கு மாறினர்.

அதே 1896ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் வண்டி கப்பலேறி வந்தது. பென்ஸ் வகையைச் சேர்ந்த அவ்வண்டியைச் சார்லஸ் பக்லி என்பார் வாங்கினார். அஃது எழுப்பிய ஓசையைக் கேட்ட ஊரார் அதற்கு ‘காப்பி இயந்திரம்’ என்று பெயரிட்டு நகையாடினர். காப்பிக்குப் பதிலாக ரப்பரை நடத் தூண்டியது மோட்டார் வண்டியே என்பதை நினைக்குங்கால் அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

1908இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு ‘டி’ வகை வண்டியை வெளியிட்டார். 1927 வரை அவ்வகையில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் ஆக்கப்பட்டன. 1910ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு பவுண்டு எடை ரப்பரின் விலை இலண்டனில் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அவ்விலையேற்றத்தால் இலிங்கி, ரந்தாவ், லாபு, பகாவ் எனப் பல பகுதிகளிலும் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. பகாவ் வட்டாரத்தின் கெடிஸ் தோட்டம் டன்லப் நிறுவனத்துக்கே உரியதாக இருந்தது. பாலெடுத்த கைகள் பெரும்பாலும் தமிழரின் கைகள். அப்பாலினால் ஆன சக்கரத்தின் மேல் அமர்ந்து சென்றவர் துரைமார். ஆனால் அச்சக்கரத்தைச் சுழலச் செய்யும் இயந்திரம் நின்றுவிட்டால், துரை திரும்பிப் பார்த்தது டிரைவரின் முகத்தையே.

கைப்பிடிக் காலம்

தொடக்க கால மோட்டார் வண்டிகளுக்குத் தாமே புறப்படும் ஆற்றல் இல்லை. நீராவி இயந்திரம் கொதிகலனில் சேர்ந்த அழுத்தத்தால் தானே அசையும். பெட்ரோல் இயந்திரம் அத்தகையதன்று. அது முதலில் காற்றையும் பெட்ரோல் ஆவியையும் உள்ளிழுத்து, அமுக்கி, அதன்பின் தீப்பொறி பட்டு வெடித்தாலன்றி ஆற்றல் தராது. ஆகவே முதற் சில சுற்றுகளை வேறொருவர் சுற்றித் தரவேண்டும். அதற்கெனவே வண்டியின் முகப்பில் இரும்புக் கைப்பிடி ஒன்று செருகப்பட்டது. தமிழ் டிரைவர்கள் அதனை ‘ஹேண்டில்’ என்றும், அதனைச் சுற்றுதலை ‘ஹேண்டில் போடுதல்’ என்றும் வழங்கினர்.

ஹேண்டில் போடுதல் எளிய வேலையன்று. தீப்பொறி உரிய கணத்திற்கு முன்னரே தோன்றிவிட்டால் இயந்திரம் பின்னோக்கி உதைக்கும்; கைப்பிடி மின்னல் வேகத்தில் எதிர்ப்புறம் திரும்பி மணிக்கட்டை முறிக்கும். இதனாலேயே ‘டி’ வகை வண்டியில் சுக்கானின் கீழுள்ள நெம்பைத் தள்ளித் தீப்பொறியைத் தாமதமாக்கிய பின்னரே கைப்பிடியைத் தொடவேண்டும் என்பது விதியாயிற்று. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்கவேண்டும்; கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்தாமல் மேல்நோக்கி இழுக்கவேண்டும். அவ்வாறு செய்தால் அஃது உதைத்தாலும் விரல்கள் தாமே விடுபடும்.

முன்கை எலும்பின் நுனியில், கட்டைவிரற் பக்கத்தில் உண்டாகும் முறிவு ஒன்றை மருத்துவ நூல்கள் இன்றும் ‘ஷோஃபர் முறிவு’ என்றே குறிக்கின்றன. ஷோஃபர் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு வண்டியோட்டி என்பது பிற்காலப் பொருள். அதன் முதற்பொருள் சூடேற்றுவோன், அஃதாவது கொதிகலனுக்குத் தீ மூட்டுவோன் என்பதாம். நீராவி வண்டிக் காலத்துச் சொல் பெட்ரோல் வண்டிக்கு வந்து, ஓர் எலும்பு முறிவுக்கும் பெயராகி நிலைத்தது. தொழிலாளியின் உடல் பட்ட துன்பம் சொல்லில் வாழ்வதற்கு இஃது ஒரு சான்று.

‘டி’ வகை வண்டியின் பெட்ரோல் இருக்கைக்கடியில் உள்ள தொட்டியிலிருந்து தன் எடையாலேயே இயந்திரத்திற்கு இறங்கி வரும். செங்குத்தான ஏற்றத்தில் முகப்பு உயர்ந்தால், குறைவாக உள்ள பெட்ரோல் இயந்திரத்தை எட்டாது. அப்போது வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏற்றுவதே வழி. சிரம்பானுக்கும் குவாலா பிலாவுக்கும் இடையிலுள்ள புக்கிட் பூத்துஸ், ஜெலுபு செல்லும் வழியிலுள்ள புக்கிட் தாங்கா போன்ற மலைச்சாலைகளை நினைப்போர்க்கு இதன் அருமை புலப்படும். நின்றுபோன வண்டியில் இயந்திரக் கோளாறு எதுவும் இராது. சாலையின் சரிவே நோய்க்கு முதலாக இருக்கும்.

கெட்டரிங் கண்ட வழி

கைப்பிடியின் கொடுமையை நீக்கியவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். அவர் முன்னர்க் கடைகளில் வைக்கும் கல்லாப்பெட்டி இயந்திரத்திற்கு மின்மோட்டார் அமைத்தவர். கல்லாப்பெட்டி ஒரு கணமே திறக்க வேண்டியது. ஆகவே சிறிய மோட்டாரையும் அக்கணத்திற்கு அளவுக்கு மீறி உழைக்கச் செய்யலாம் என்பது அவர் கண்ட உண்மை. அதே உண்மையை மோட்டார் வண்டிக்கும் பொருத்தி 1911இல் மின்விசையால் இயந்திரத்தைச் சுழற்றிக் காட்டினார். 1912ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளில் அது பொருத்தப்பட்டது. ஃபோர்டின் ‘டி’ வகைக்கு அது வந்தது 1919இல்தான்.

இக்கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. பைரன் கார்ட்டர் என்பார் வழியில் நின்றுபோன ஒரு பெண்மணியின் வண்டிக்குக் கைப்பிடி சுற்றினார் என்றும், அஃது உதைத்து அவர் தாடையை முறித்தமையால் இறந்தார் என்றும், அத்துயரால் காடிலாக் தலைவர் ஹென்றி லீலண்டு கெட்டரிங்கை நாடினார் என்றும் அக்கதை கூறும். நிகழ்ச்சி 1910இல் நடந்ததாகப் பலர் எழுதுவர். ஆனால் கார்ட்டர் இறந்தது 1908ஆம் ஆண்டு. எனவே கதையை அவ்வாறே கொள்ளுதல் இயலாது. எனினும் அது பரவியதற்குக் காரணம் உண்டு: கைப்பிடியால் அடிபட்டோர் எங்கும் இருந்தமையால் கேட்டவர் யாவரும் அதனை எளிதில் நம்பினர்.

கெட்டரிங்கின் உண்மையிலிருந்து டிரைவர்கள் கற்ற விதி ஒன்றுண்டு. தொடக்க மோட்டார் கணநேரத்திற்கு மட்டுமே அளவுமீறி உழைக்க வல்லது. எனவே பொத்தானை நெடுநேரம் அழுத்திக்கொண்டிருத்தல் தவறு. சில நொடி சுற்றவிட்டுச் சற்று ஓய்வு தந்து மீண்டும் சுற்றவேண்டும். அவ்வாறு செய்யாதவர் பாட்டரியையும் இழப்பர்; மோட்டாரையும் இழப்பர்.

நோய்முதல் காணும் முறை

இரண்டாம் உலகப் போருக்குப்பின் தோட்டங்களில் ஆங்கில நாட்டு வண்டிகள் பெருகின. 1948இல் வெளிவந்த மாரிஸ் மைனர், அதே ஆண்டில் வெளிவந்த லேண்ட் ரோவர் ஆகிய இரண்டிலும் மின்தொடக்கியும் இருந்தது, கைப்பிடியும் இருந்தது. இவ்விரண்டும் ஒருங்கிருந்த காலமே நோயறியும் கலை முழுமை பெற்ற காலம் எனலாம்.

தேர்ந்த டிரைவர் கேட்ட முதற் கேள்வி, இயந்திரம் சுழல்கிறதா என்பது. சுழலாவிடின் முன்விளக்கை ஏற்றிப் பார்ப்பார். விளக்கே எரியாவிடின் பாட்டரி இறங்கியிருக்கும்; அன்றேல் அதன் முனைகளில் வெண்பச்சைப் பூப்புப் படிந்து மின்னோட்டத்தைத் தடுத்திருக்கும். விளக்கு எரிந்து, தொடக்கியை இயக்கும்போது மங்கினால் பாட்டரியில் வலுவில்லை அல்லது இணைப்புச் சரியில்லை என்று கொள்வார். விளக்குச் சிறிதும் மங்காமல், இயந்திரமும் அசையாமல் இருந்தால் மின்சாரம் தொடக்கியைச் சென்று சேரவேயில்லை என்பது தெளிவு. அப்போது குற்றம் சுவிச்சிலோ கம்பியிலோ இருக்கும்.

விளக்கு மங்கி, ‘டக்’கென்ற ஓசையோடு எல்லாம் நின்றுவிட்டால், தொடக்கியின் சிறு பற்சக்கரம் இயந்திரத்தின் பெருஞ்சக்கரப் பற்களிற் சிக்கியிருக்கவும் கூடும். அதற்கு மருந்து, வண்டியைக் கியரில் இட்டு முன்னும் பின்னும் அசைத்தலாகும். ஆளில்லா இடத்தில் தொடக்கியின் அச்சு நுனியைச் சாவி கொண்டு திருகியும் விடுவிப்பர்.

இங்கே கைப்பிடி வெறும் சுழற்றுகோலாக நில்லாமல் நோயறியும் கருவியாகவும் பயன்பட்டது. கைப்பிடிக்கு இயந்திரம் இணங்கிச் சுழன்றால் குற்றம் மின்பகுதியில் உள்ளது. கைப்பிடிக்கும் அசையாவிடின் எண்ணெய் வற்றி இயந்திரம் இறுகிப் பிடித்துக்கொண்டது. நான்கு சிலிண்டரும் முறைப்படி எதிர்த்து நிற்கின்றனவா, ஒன்று மட்டும் தளர்ந்து போகின்றதா என்பதைச் சுற்றும் கையே உணரும். தளர்ந்தால் வால்வு எரிந்திருக்கும். நாடி பார்க்கும் வைத்தியரின் விரலுக்கும் இக்கைக்கும் வேறுபாடு சிறிதே.

இரண்டாம் கேள்வி, தீப்பொறி வருகிறதா என்பது. பிளக்கைக் கழற்றிக் கம்பியோடு இணைத்து, இரும்பின் மேல் வைத்து இயந்திரத்தைச் சுற்றினால் நீலநிறப் பொறி தோன்றவேண்டும். தோன்றாவிடின் ‘பாயிண்ட்’ எனப்படும் தொடுமுனைகளைப் பார்ப்பர். மாரிஸ் மைனரின் தொடுமுனை இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. அது கருகித் தேய்ந்தாலும் பொறி வலுவிழக்கும். மழைக்காலக் காலைகளில் மின்பங்கீட்டுப் பெட்டியின் மூடியில் ஈரம் கோத்துக்கொள்ளும். உலர்ந்த துணியால் துடைத்த அளவிலேயே வண்டி புறப்படுதலும் உண்டு.

மூன்றாம் கேள்வி, பெட்ரோல் வருகிறதா என்பது. மாரிஸ் மைனரில் சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்பு ‘டிக் டிக்’ என ஒலித்துப் பின் அடங்கும். ஒலி கேளாவிடின் பம்பு செயலற்றது; மெல்லத் தட்டினால் மீண்டும் உயிர்பெறுவதும் உண்டு. ஒலி அடங்காமல் நீண்டால் தொட்டியிற் பெட்ரோல் இல்லை. அன்றேல் குழாயிற் காற்றுப் புகுந்துள்ளது. நண்பகல் வெயிலில் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்தலும் உண்டு. ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றிச் சற்றுக் காத்திருத்தலே அதற்குப் பரிகாரம். பெட்ரோல் நாற்றம் மிகுதியாக வீசினால், தேவைக்கு மேல் புகுந்து பிளக்கை நனைத்துவிட்டது என்று அறிவர்.

டீசல் லோரிக்கும் டிராக்டருக்கும் இரண்டாம் கேள்வி பொருந்தாது. 1890களில் ருடால்ஃப் டீசல் வகுத்த அவ்வியந்திரத்தில் தீப்பொறியே இல்லை. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பமே எண்ணெயைக் கொளுத்தும். அதில் எண்ணெய்க் குழாயிற் புகுந்த காற்றே பெரும்பகை. குழாயின் திருகாணிகளைத் தளர்த்தி, குமிழியின்றி எண்ணெய் வழியும்வரை காற்றை வெளியேற்றுவர்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் முறையே ஆராய்ந்து, பின்னரே மருத்துவம் செய்யப் பணிக்கிறது. தோட்டத்து டிரைவர் கைக்கொண்ட முறையும் அதுவே. ஐயப்பட்டதையெல்லாம் ஒருங்கே கழற்றிப் போடுவோன் தொழிலறியாதவன். ஒரு சோதனையால் பாதிக் காரணங்களை விலக்கி, எஞ்சியவற்றை அடுத்த சோதனையால் விலக்குவோனே தேர்ந்தவன்.

போரும் அவசரகாலமும்

1942ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் கிம்மாசுக்கு அருகிலுள்ள கெமென்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் ஜப்பானியரை எதிர்த்து மறைந்திருந்து தாக்கினர். பாலத்தைக் கடந்து வந்த ஜப்பானியரிற் பெரும்பாலோர் சைக்கிளில் வந்தனர். சைக்கிளுக்குப் பெட்ரோல் வேண்டா, பாட்டரி வேண்டா. டயர் கிழிந்தாலும் வெறும் இரும்பு வளையத்தின் மேலேயே ஓட்டிச் சென்றனர். ஒரு திங்கள் கழித்து, பிப்ரவரி 15ஆம் நாள், சிங்கப்பூர் புக்கிட் தீமாவிலிருந்த ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையிலேயே பிரிட்டிஷார் சரணடைந்தனர்.

ஜப்பானியர் ஆட்சியில் பெட்ரோல் அரிதாயிற்று. அடுப்புக்கரியை எரித்து எழும் வாயுவால் பஸ்களும் லோரிகளும் ஓடின. அவற்றைப் புறப்படச் செய்ய முதலில் தீ மூட்டி, காற்றூதி, வாயு எழும்வரை காத்திருக்கவேண்டும். கரித்தூளும் தாரும் வடிகட்டியை அடைத்துக்கொண்டால் வண்டி மீண்டும் நின்றுவிடும். சூடேற்றுவோன் என்னும் பழம்பொருள் டிரைவருக்குத் திரும்பவும் பொருந்திய காலம் அது.

1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31ஆம் நாள் வரை அது நீடித்தது. துரைமார் பலர் தம் வண்டிகளுக்கு இரும்புத் தகடு பொருத்தினர். தகட்டின் பாரத்தால் இயந்திரம் இளைத்தது. ரப்பர் மரங்களுக்கிடையே வண்டி நின்றுவிட்டால், இறங்கி முன்புறம் சென்று கைப்பிடியைச் சுற்றுபவனுக்குத் தகட்டின் காவல் இல்லை. அன்று பாட்டரியைப் பேணுதல் உயிரைப் பேணுதலாயிற்று. காலையிற் பார்க்கவேண்டியதை முதல்நாள் மாலையிலேயே பார்த்து வைத்தல், இறக்கத்தில் வண்டியை நிறுத்தி வைத்தல் ஆகிய பழக்கங்களின் பயன் இத்தகைய காலத்தில் நன்கு விளங்கும்.

சொற்கள் கூறும் வரலாறு

இக்கலையைத் தமிழர் பெரும்பாலும் ஏட்டிற் கற்றாரில்லை. மலாய் மொழியில் ‘கெலிண்டான்’ எனப்படும் லோரி உதவியாளாகச் சேர்ந்து, சாவி எடுத்துக் கொடுத்து, பார்த்தும் கேட்டும் பழகியே கற்றனர். கற்றதைத் தம் மொழியிலேயே பேசினர்.

‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்பது இன்றும் தமிழர் வழக்கு. ஆங்கிலத்திலுள்ள தொடர்ப்பெயரின் முன்பாதியாகிய ‘தானே’ என்னும் பொருளுள்ள சொல்லை மட்டும் நிறுத்தி, அதற்கே தொடக்கி என்னும் பொருளைத் தமிழர் தந்தனர். ஆங்கிலேயர் அச்சொல்லைத் தனியே அப்பொருளில் வழங்குவதில்லை. பெயர் பிறமொழியினதாயினும் ஆட்சி தமிழினது.

வினைச்சொற்களோ முற்றும் தமிழ். பாட்டரி ‘இறங்கிவிட்டது’, பிளக்கில் ‘கரி பிடித்தது’, இயந்திரம் ‘மூச்சுத் திணறுகிறது’, ‘இருமுகிறது’, வண்டி ‘படுத்துவிட்டது’. இறுதியிற் கூறியது மாட்டுவண்டிக் காலத்து வழக்கின் தொடர்ச்சி எனக் கருத இடமுண்டு. நுகத்திற் பூட்டிய மாடு பாரந்தாங்காது படுத்துக்கொள்வதைக் கண்டவர்களே இயந்திரமும் படுக்கும் என்று சொல்லியிருத்தல் கூடும். உழவர் குடியிற் பிறந்து பால்மரத் தோட்டத்திற்கு வந்தவர்கள், புதிய இயந்திரத்தையும் நோயும் மூச்சும் உடைய ஓர் உயிராகவே நோக்கினர். அந்நோக்கே அவர்களுக்கு நோயறியும் பொறுமையைத் தந்தது.

கைப்பிடி மறைந்தபின்

மாரிஸ் மைனரின் ஆக்கம் 1970களின் தொடக்கத்தில் நின்றது. 1985இல் மலேசியாவின் புரோட்டோன் சாகா வெளிவந்தபோது கைப்பிடி பழங்கதையாகிவிட்டது. தொடுமுனையும் கார்புரேட்டரும் பின்னர் ஒழிந்தன. இன்று சாவியிலுள்ள மின்குறியை வண்டி ஏற்காவிடினும் இயந்திரம் எழாது. பழுதைக் கருவி எண்ணாகக் காட்டுகிறது. ஆயினும் முதற் கேள்வி மாறவில்லை. நிறைந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டவேண்டும். புறப்படாத வண்டியில் முதலிற் பார்க்கவேண்டியது இன்றும் அதுவே.

தோட்டங்களும் மாறின. ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது; நீலாய், செண்டாயான் போன்ற இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. லயம் விட்டு வெளியேறியோர்க்கு நிலம் உடைமையன்று, வீடும் உடைமையன்று. கையிற் பதிந்த தொழிலே அவர்கள் எடுத்துச் செல்லக்கூடிய உடைமை. பட்டறையிலும் லோரியிலும் பஸ்ஸிலும் அது சோறு போடவல்லது.

அத்தொழிலறிவு ஏட்டில் ஏறாமையால், அறிந்தோர் மறையுந்தோறும் மறைகின்றது. கைப்பிடி சுற்றிய கைகளுக்குரியோர் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். அவர்கள் வழங்கிய சொற்களையும் சோதனை முறைகளையும் கேட்டுத் தொகுத்தல் தமிழாசிரியர்களால் எளிதில் இயலும். மாணவன் ஒருவன் தன் பாட்டனாரிடம், ‘தாத்தா, அந்தக் காலத்தில் கார் கிளம்பாவிட்டால் என்ன செய்வீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். விடை இலக்கணப் பாடத்திற்கும் பயன்படும்; வரலாற்றிற்கும் பயன்படும். தோட்டத் தமிழன் மரத்தைச் சீவவும் பால் சுமக்கவும் மட்டுமே அறிந்தவன் என்னும் பிழைபட்ட கருத்தைத் திருத்துவதற்கும் அவ்விடை சான்றாக நிற்கும்.